ஆற்றைப் படிக்கும் தூண்டில்

நுழையும்முன்

தேர்ந்த தூண்டிற்காரர் ஆற்றங்கரையில் முதலில் பார்ப்பது மீனையன்று, நீரை. நீரின் குளிர்ச்சி, வேகம், தெளிவு, அதன்மேல் பறக்கும் சிறு பூச்சிகள் ஆகியவற்றைக் கொண்டே மீன் எங்கிருக்கும், எப்பொழுது இரையெடுக்கும் என்று அவர் கணிக்கிறார். செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் கலை நீலகிரி மலையாறுகளில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. பின்பனி முடிந்து இளவேனில் அரும்பும் காலத்தில் அந்த ஆறுகள் எத்தகைய நிலையில் இருக்கின்றன என்பதையும், அந்நிலை நமக்குச் சொல்லும் செய்தியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் ஆறு, இரு நீர்

கோயம்புத்தூர் மக்கள் பருகும் நீரில் பெரும்பகுதி சிறுவாணியிலிருந்தும் பில்லூர் அணையிலிருந்தும் வருகிறது. இவ்விரண்டும் பவானியாற்றின் நீரே. பழந்தமிழ் நூல்கள் சுட்டும் வானியாறு இதுவே என்பது அறிஞர் கருத்து. நீலகிரியின் தென்மேற்கு முகட்டில் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பிறக்கும் இவ்வாறு, கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சென்று சிறுவாணியைச் சேர்த்துக்கொள்கிறது. மீண்டும் தமிழகம் புகுந்து, அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளின் நீரைக் கொண்டுவரும் குந்தா ஆற்றையும் ஏற்று மேட்டுப்பாளையத்தை அடைகிறது. முக்குருத்திப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறோ மலையின் வடபுறமாக இறங்கி, மாயாறு என்னும் பெயருடன் பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. பின்னர்ச் சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் ஆகிய ஊர்களின் வயல்களை வளப்படுத்திக் கூடுதுறையில் காவிரியுடன் ஒன்றாகிறது.

ஓர் ஆறுதான், எனினும் முகட்டில் ஓடும் நீரும் சமவெளியில் ஓடும் நீரும் ஒன்றல்ல. மேல் பவானியில் கையை வைத்தால் விறைக்கும் நீர், மேட்டுப்பாளையத்தில் நீந்தி விளையாட ஏற்ற நீராகிவிடுகிறது. மேலே வாழும் மீன் கீழே வாழாது. கீழே வாழும் மீன் மேலே நிலைக்காது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவதே தூண்டிற்கலையின் முதற்பாடம்.

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றைச் சார்ந்து தோன்றும் உயிர்களும் பிறவும் கருப்பொருள். இலக்கியத்திற்காக வகுக்கப்பட்ட இந்த வரிசை, ஆற்றைப் புரிந்துகொள்ளவும் துணைபுரிகிறது. நிலமும் பொழுதும் சேர்ந்து நீரின் இயல்பை ஆக்குகின்றன. நீரின் இயல்பு பூச்சியையும் மீனையும் ஆக்குகிறது. ஆகவே மீனைத் தேடுபவர் முதற்பொருளிலிருந்தே தொடங்க வேண்டும்.

பூச்சித்தூண்டில்

நம் ஊர்க் குளங்களில் தூண்டில் போடுவோர் மூங்கிற்குச்சி, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், மண்புழு ஆகியவற்றைக் கொண்டு மீன் பிடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே முள்ளைத் தொலைவிற்குக் கொண்டு செல்வது ஈயக்குண்டின் எடை. பூச்சித்தூண்டிலில் அவ்வாறன்று. முள்ளில் கட்டப்பட்ட பூச்சிக்கு ஏறத்தாழ எடையே இல்லை. எனவே எடையைக் கயிற்றுக்குக் கொடுக்கிறார்கள். எட்டு அல்லது ஒன்பது அடி நீளமுள்ள, நன்கு வளையும் கோலால் தடித்த கயிற்றைப் பின்னும் முன்னுமாக வீசும்போது, அது காற்றில் வளையமாக விரிந்து செல்கிறது. அதன் முனையில் உள்ள மெல்லிய நரம்பும் பூச்சியும் கடைசியாக நீர்மேல் மெதுவாக இறங்குகின்றன. சாட்டையின் அசைவு கைப்பிடியிலிருந்து நுனிக்குப் பரவுவது போன்றது இது.

பூச்சி என்பது சிறு முள்ளின்மீது நூல், விலங்கின் மயிர், சேவலின் கழுத்து இறகு ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிய உருவம். நீர்மேல் மிதப்பது ஒரு வகை. நீருக்குள் அமிழ்ந்து செல்வது மற்றொரு வகை. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்பவர், மாசிடோனிய நாட்டு ஆறொன்றில் மக்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததைக் கிரேக்க மொழியில் பதிவு செய்துள்ளார். இரையென நம்பித் தூண்டிலை விழுங்கும் மீனைத் திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தில் உவமையாக்கினார். இரைபோல் தோன்றும் ஒன்றைக் காட்டி மீனை ஏமாற்றுவது பழமையான செயலே. ஆனால் உயிருள்ள இரையின்றி ஏமாற்ற வேண்டுமாயின், அந்த ஆற்றில் அந்த நாளில் மீன் எதை உண்கிறது என்பதைத் தூண்டிற்காரர் அறிந்திருக்க வேண்டும். இக்கலையை அறிவின் கலையாக்குவது இந்தத் தேவையே.

நிலம் ஆக்கும் நீர்

உயரம் கூடக் கூடக் காற்றின் வெப்பம் குறைகிறது. 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 செல்சியஸ் பாகை என்பது பொதுவான அளவு. ஆதலால் மேட்டுப்பாளையத்திற்கும் மேல் பவானிக்கும் இடையே சுமார் 12 பாகை வேறுபாடு அமைகிறது. அதற்கேற்ப நீரின் வெப்பமும் மாறுகிறது.

நீரின் வெப்பம் அதில் கரைந்துள்ள உயிர்வளியின் அளவைத் தீர்மானிக்கிறது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 10 பாகை நீர், லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும்; 20 பாகையில் இது 9.1 ஆகவும், 30 பாகையில் 7.6 ஆகவும் குறைந்துவிடும். மலையுச்சியில் காற்றழுத்தம் குறைவாதலால் இவ்வளவுகளும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆயினும் பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் நீர் காற்றோடு இடைவிடாமல் கலப்பதால், தான் கொள்ளத்தக்க முழு அளவு உயிர்வளியையும் அது பெற்றுவிடுகிறது. குளிர்ச்சியும் ஓட்டமும் சேர்ந்தே மலையாற்றை மீனுக்கு உரிய இடமாக்குகின்றன.

டிரவுட் எனப்படும் குளிர்நீர் மீன் 10 முதல் 16 பாகை வெப்பத்தில் சுறுசுறுப்பாக இரையெடுக்கும். 20 பாகையைக் கடந்தால் தளரும்; 25 பாகையை ஒட்டிய வெப்பம் நீடித்தால் உயிர் பிழைப்பது அரிது. நீலகிரி முகட்டாறுகளில் வாழும் அம்மீன் சமவெளிப் பவானியில் இல்லாமைக்கு இதுவே காரணம்.

ஆற்றின் சரிவு நீரின் வடிவங்களை ஆக்குகிறது. கற்களின்மேல் மெல்லிதாகச் சலசலத்து ஓடும் இடம், ஆழ்ந்து அமைதியாகத் தேங்கும் மடு, பாறையின் பின்னே வட்டமிடும் சுழி ஆகியவை மாறி மாறி வரும். மடு, கயம், கசம், சுழி, அறல், துறை எனத் தமிழில் ஆற்றின் உறுப்புகளுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. கொங்கு நாட்டில் காட்டோடையைப் பள்ளம் என்றே வழங்குவர். இச்சொற்கள் நம் முன்னோர் நீரைக் கூர்ந்து நோக்கியதற்குச் சான்று.

மீன் ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கிய முகத்துடன் நிற்கும். வேகமான நீரில் நின்றால் ஆற்றல் வீணாகும். அசைவற்ற நீரில் நின்றால் இரை வாராது. எனவே வேகமும் அமைதியும் சந்திக்கும் விளிம்பையே அது தேர்ந்தெடுக்கிறது. பாறைக்குப் பின்னும், மடுவின் தலைப்பகுதியிலும், கரையோர வேரின் கீழும் அது ஒதுங்கி நின்று, ஓட்டம் கொண்டுவரும் பூச்சியை ஓரடி முன்வந்து பற்றி மீண்டும் தன்னிடம் திரும்பும். இவ்விடங்களை அறிந்தவர் ஆறு முழுவதும் தூண்டிலை வீச வேண்டியதில்லை.

பெரும்பொழுது: பின்பனியும் இளவேனிலும்

மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஐரோப்பியத் தூண்டிற்காரர் ஆவலோடு காத்திருக்கும் மார்ச்சு மாதம் நமக்குப் பின்பனியின் இறுதிப்பகுதி. அங்குள்ள உயர்மலைகளில் இளவேனிலின் தொடக்கத்தில் பனிக்கட்டி உருகி, ஆறுகள் கலங்கிப் பெருகும். நீலகிரியிலோ நிலைமை நேர்மாறானது. இங்கே பனிக்கட்டி மலை இல்லை; மார்கழி, தை மாதங்களில் புல்லின்மீது உறைபனி படிவதோடு சரி. இங்கே ஆற்றை ஆள்வது மழை.

தென்மேற்குப் பருவமழை ஆனி முதல் ஆவணி வரை நீலகிரியின் மேற்கு முகட்டைத் தாக்குகிறது. 2019 ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. கோயம்புத்தூரின் ஓராண்டுச் சராசரி மழையைவிட இது அதிகம். மழைமறைவுப் பகுதியான மேட்டுப்பாளையத்தில் வானம் வெளிறியிருக்கும் நாளிலும் பவானியில் செந்நீர் பெருக்கெடுத்து வருவதன் காரணம் இதுவே.

மழை ஓய்ந்தபின் ஆற்றுக்கு நீர் தருவது எது? மலைமுகட்டின் புல்வெளிகளும் அவற்றின் மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடுகளும் மழைநீரை மண்ணுக்குள் வாங்கிக்கொள்கின்றன. பின்னர்க் கோடை வரை சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. தை முதல் பங்குனி வரை மழை மிகக் குறைவு. அக்காலத்தில் முகட்டாறுகளில் ஓடுவது பெரும்பாலும் இந்தக் கசிவு நீரே. ஆகையால் பின்பனியின் இறுதியில் மலையாறு மூன்று இயல்புகளை உடையதாக இருக்கும்: நீர் குறைந்திருக்கும், கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், குளிர்ந்திருக்கும்.

இந்த மூன்றும் தூண்டிற்காரருக்கு மூன்று கட்டளைகளை இடுகின்றன. நீர் குறைவாதலால் மீன்கள் மடுக்களில் கூடியிருக்கும்; அங்கே ஓசையின்றி நெருங்க வேண்டும். நீர் தெளிவாதலால் மெல்லிய நரம்பும் சிறிய பூச்சியும் வேண்டும். தன் நிழல் நீரில் விழாதவாறு நிற்க வேண்டும். நீர் குளிர்ந்திருப்பதால் மீன் நெடுந்தொலைவு நகர்ந்து இரை தேடாது. பூச்சி அதன் முகத்தருகே செல்ல வேண்டும்.

இப்பருவத்தில் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. வானவில் டிரவுட் குளிர் மாதங்களில் சரளைப் படுகையில் குழி பறித்து முட்டையிடும். 10 பாகை நீரில் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். குஞ்சுகள் மேலும் சில வாரங்கள் சரளைக்குள்ளேயே தங்கும். அவ்வேளையில் படுகையில் கால் வைத்து நடந்தால் கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான உயிர்கள் நசுங்கும். முட்டையிடும் காலத்தில் தூண்டிலைத் தடைசெய்யும் வழக்கம் உலகின் பல நாடுகளில் இதனாலேயே தோன்றியது.

சித்திரையில் கோடைமழை தொடங்கியதும் காட்சி மாறும். ஈரமண்ணிலிருந்து ஈசல்கள் கிளம்பும். சிறகு ஓய்ந்தவை நீரில் விழும். அதுவரை ஒதுங்கியிருந்த மீன்கள் நீர்ப்பரப்பிற்கு வந்து அவற்றை உண்ணும். அந்த நாளில் ஈசலைப் போன்ற மிதக்கும் பூச்சியே தக்க பூச்சி.

சிறுபொழுது: நாளின் ஆறு கூறுகள்

பின்பனிக்கால வைகறையில் நீர் மிகவும் குளிர்ந்திருக்கும். மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. ஆகவே அப்போது அதன் உடலியக்கமும் பசியும் தணிந்திருக்கும். காலைக் கதிர் படுகையைத் தொட்டபின் நீர் மெல்ல வெம்மையடையும். நண்பகலையொட்டி, நீருக்கடியில் மாதக்கணக்கில் புழுவாக வாழ்ந்த பூச்சிகள் மேலெழுந்து, தோலுரித்துச் சிறகு பெறும். அப்போது நீர்ப்பரப்பில் சிறு வட்டங்கள் தோன்றும். அவை மழைத்துளிகள் அல்ல. பூச்சிகளைக் கவ்வ மேல்வந்த மீன்களின் சுவடுகள்.

இவ்வாறு எழும் பூச்சிகளுள் மேஃபிளை முதன்மையானது. புழுப்பருவத்தில் பல மாதங்கள் வாழும் அது, சிறகு பெற்றபின் ஓரிரு நாள்களுக்குள் இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிந்துவிடும். முதிர்ந்த பூச்சிக்கு உணவு உண்ணும் வாயுறுப்புகூட வளர்வதில்லை. காடிஸ் என்னும் பூச்சியின் புழு, மணலையும் சுள்ளியையும் ஒட்டித் தனக்கொரு குழல்வடிவக் கூடு கட்டிக்கொள்ளும். ஸ்டோன்ஃபிளை என்னும் பூச்சியின் புழு, நீரோட்டம் மிகுந்த கற்களின் அடியில் ஒட்டி வாழும்.

இளவேனில் முதிர்ந்து வெயில் ஏறும்போது இவ்வொழுங்கு தலைகீழாகிறது. நண்பகல் நீர் மீனுக்கு வெம்மையாகிவிடும். காலையும் எற்பாட்டைத் தொடர்ந்த மாலையும் இரைக்குரிய வேளைகளாகும். அதே ஆறு, அதே மீன்; பெரும்பொழுது மாறியதும் சிறுபொழுதின் பயனும் மாறிவிட்டது.

தெரிந்து தெளிவோம்

நீருக்கடியிலிருந்து மேல்நோக்கும் மீன் வெளியுலகை ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே காண்கிறது. நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளியின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 48.6 பாகை. எனவே ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள கூம்புக்குள் வெளியுலகம் முழுவதும் ஒடுங்கித் தெரியும். அக்கூம்புக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் படுகையையே எதிரொளிக்கும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் சாளரத்தின் விளிம்பில் தெரிந்துவிடுவார். குனிந்து தாழ்ந்து நகர்பவர் எளிதில் புலப்பட மாட்டார்.

கடல் கடந்து வந்த மீன்

டிரவுட் நீலகிரியின் இயல்பான மீனன்று. மலையில் குடியேறிய ஆங்கிலேயர் தம் நாட்டு ஆறுகளின் மீனை இங்கும் காண விரும்பினர். சென்னை மாகாணப் படையின் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே 1863இல் அதற்கு முயன்று தோற்றார். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நெடும்பயணத்தின் வெப்பத்தில் முட்டைகளை உயிரோடு கொண்டுவருவது அரிதாயிருந்தது. அதே டே, நீலகிரி அடிவாரத்துப் பவானியின் கெண்டையினம் ஒன்றை 1867இல் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1875 முதல் வெளிவந்தது.

நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென 1879இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்ற பிரடெரிக் நிக்கல்சன், 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். அக்காலத்தில் அரசின் மீன் வளர்ப்பு வல்லுநராகப் பணியாற்றிய எச்.சி. வில்சன், அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட்டை வளர்த்தார். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்குரிய அம்மீன், ஐரோப்பியப் பழுப்பு டிரவுட்டைவிடச் சற்று மிகுந்த வெப்பத்தைத் தாங்கவல்லது. முதற்பொருள் ஒத்துவந்ததால் புதிய கருப்பொருள் நிலைத்தது.

ஆனால் இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. பெரிய அருவிகளைத் தாண்டிச் சமவெளி மீன்கள் ஏறமுடியாத முகட்டு ஓடைகளில் சிறுமீன்களும் தவளைகளும் நீர்ப்பூச்சிகளும் தமக்குள் ஓர் ஒழுங்கோடு வாழ்ந்து வந்தன. இவை அனைத்தையும் உண்ணும் ஒரு மீன் அங்கே விடப்பட்டது. உலகின் கேடுமிகுந்த நூறு அயல் ஊடுருவல் உயிரினங்கள் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் வானவில் டிரவுட்டும் இடம்பெற்றுள்ளது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுவரப்படும் ஓர் உயிர், வந்த இடத்தில் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை.

நம் ஆற்றின் மீன்

பவானி, மாயாறு, காவிரி ஆகியவற்றின் சொந்தப் பெருமீன் மகசீர். தமிழில் பொம்மீன் என்றும் பூமீன் கெண்டை என்றும் இதனை வழங்குவர். உள்ளங்கை அளவு செதில்களும் தடித்த உதடுகளும் உடையது. சென்னை மாகாண ஆட்சிப்பணி அலுவலராகிய ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் இந்தியத் தூண்டிற்கலை பற்றி எழுதிய நூலில், எதிர்த்துப் போராடும் வலிமையில் இம்மீனை ஐரோப்பாவின் சால்மனுக்கு மேலாக வைத்தார். 1946இல் கபினியாற்றில் தூண்டிலில் பிடிபட்ட மகசீர் ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோகிராம் எடையிருந்தது.

காவிரி வடிநிலத்திற்கே உரிய திமில் மகசீர் என்னும் இனம் இவற்றுள் மிகப்பெரிதாக வளர்வது. தூண்டிற்காரர்கள் நூறாண்டுகளுக்கு மேலாகப் பிடித்து வந்தபோதிலும், அதன் அறிவியற்பெயர் நெடுங்காலம் உறுதிசெய்யப்படவில்லை. மாயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்த அறிஞர்கள், அது டார் ரேமதேவி என்னும் இனமே என 2018இல் நிறுவினர். அப்பெயர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நம் அமராவதியின் தலையாறுகளுள் ஒன்றாகிய பாம்பாற்று மீன்களுக்கு இடப்பட்டது. பழந்தமிழர் ஆன்பொருநை என அழைத்த ஆறே அமராவதி. ஆக, அந்த மீனின் அடையாளத்தைத் தந்தவை கொங்கு நாட்டை வளப்படுத்தும் ஆறுகளே. ஆனால் பெயர் உறுதியான அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் வரிசையில் அது சேர்க்கப்பட்டது.

இந்நிலைக்குக் காரணம் ஒன்றன்று. மகசீர் பெருக்குக் காலத்தில் மேல்நோக்கி ஏறித் தெளிந்த சரளைப் படுகைகளில் முட்டையிடும். 1948 முதல் 1955 வரை கட்டப்பட்ட பவானிசாகர் அணை, கீழ்பவானிக் கால்வாயின் வழியாக இரண்டு இலட்சத்து ஏழாயிரம் ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகிறது. கொங்கு உழவர்களின் வாழ்வை உயர்த்திய அணை அது. குந்தாத் திட்டத்தின் அணைகள் மின்சாரம் தருகின்றன. இப்பயன்களை எவரும் மறுக்க இயலாது. எனினும் அணையை ஏறிக் கடக்க மீனால் இயலாது என்பதும் உண்மை. இவற்றோடு வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிக்கும் கொடுமையும் சேர்ந்தது. இச்செயல்களை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடைசெய்துவிட்டது. தடை ஏட்டில் இருக்க, மடுக்களில் வெடியோசை கேட்டுக்கொண்டிருந்தது.

நன்மை கருதிச் செய்த செயலும் தீங்காயிற்று. மகசீர் குறைந்து வருவதைக் கண்டு, மகாராட்டிரத்தின் லோனாவாலாப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகள் 1970களின் பிற்பகுதி முதல் காவிரியில் விடப்பட்டன. வந்த இனம் பெருகியது. உரிய இனமாகிய திமில் மகசீர் சுருங்கியது. பெயரளவில் இரண்டும் மகசீரே. ஆனால் ஓர் ஆற்றின் மீனை மற்றோர் ஆற்றின் மீனால் ஈடுசெய்ய இயலாது.

முதற்பொருளைக் காத்தல்

டிரவுட், மகசீர் ஆகிய இரண்டின் வரலாறும் ஒரே பாடத்தைக் கூறுகின்றன. டிரவுட் நிலைத்ததற்கு அதைக் கொண்டுவந்தவரின் விருப்பம் மட்டும் காரணமன்று. குளிர்ந்து தெளிந்த நீர் அங்கே இருந்தது. மகசீர் குறைந்ததற்குக் குஞ்சுகளின் பற்றாக்குறை காரணமன்று. ஏறிச்செல்லும் வழியும் முட்டையிடும் படுகையும் அஞ்சாமல் ஒதுங்கும் மடுவும் குறைந்தன. முதற்பொருளைக் கெடவிட்டுக் கருப்பொருளை மட்டும் கொண்டுவந்து கொட்டுவது, வேரறுத்த மரத்தின் கிளைக்கு நீர் தெளிப்பதற்கு ஒப்பாகும்.

எனவே காக்க வேண்டியவை எவை என்பது தெளிவு. முகட்டின் சோலையும் புல்வெளியும் நிலைத்தால்தான் பங்குனியிலும் ஆற்றில் கசிவு நீர் ஓடும். கோடையில் ஆறு முற்றிலும் வறளாதவாறு சிறிதளவேனும் நீர் ஓட வேண்டும். மணலும் சரளையும் அள்ளப்படாத படுகை வேண்டும். கழிவு கலவாத நீர் வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் அடைந்த கேட்டை நாம் அறிவோம். கழிவைச் சிறிதும் வெளியேற்றாத முறையை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடுமாறு 2011இல் உயர்நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. நொய்யலுக்கு நேர்ந்தது பவானிக்கும் அமராவதிக்கும் நேரலாகாது.

ஆற்றின் நலத்தை அறிய விலையுயர்ந்த கருவிகள் மட்டுமே வேண்டும் என்பதில்லை. ஓட்டமுள்ள ஆழமற்ற நீரில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால், அதன் அடியில் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை ஆகியவற்றின் புழுக்கள் இருக்கின்றனவா என்பது தெரியும். மாசுக்கு மிக எளிதில் மடியும் இவை இருந்தால் நீர் நன்று. செந்நிற மண்புழு போன்றவை மட்டுமே இருந்தால் நீர் நோயுற்றிருக்கிறது. அறிவியலார் இவற்றை உயிரிச் சுட்டிகள் என்பர். தூண்டிற்காரர் பூச்சியைத் தேர்ந்தெடுக்கப் புரட்டும் அதே கல், ஆற்றின் நலத்தையும் சொல்லிவிடுகிறது. பார்த்தபின் கல்லை இருந்தவாறே வைத்துவிட வேண்டும். அதன் அடியில் ஒரு குடும்பம் வாழ்கிறது.

நீலகிரியின் மலையாறுகள் பலவும் காப்புக்காடுகளுக்குள்ளும் முக்குருத்தித் தேசியப் பூங்காவிற்குள்ளும் ஓடுகின்றன. அங்கே இசைவின்றி நுழைவதும் தூண்டில் போடுவதும் குற்றமாகும். ஆற்றைப் படிப்பதற்கோ தூண்டிலும் தேவையில்லை, முள்ளும் தேவையில்லை. நம் ஊர்ப் பள்ளத்தின் கரையில் நின்று, நிலம் எது, பொழுது எது, நீரில் வாழ்வன எவை என மூன்று வினாக்களைக் கேட்டாலே போதும். அவ்வினாக்களுக்கு ஆறு விடை சொல்லும் நாள் வரை அதில் மீன் இருக்கும். நம் குழாயில் வரும் நீரும் நல்ல நீராக இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் அருகிலுள்ள ஆறு, ஓடை அல்லது பள்ளம் ஒன்றினைப் பெரியோர் துணையுடன் சென்று காண்க. நீரின் நிறம், ஓட்டம், கரைமரங்கள், பூச்சிகள் ஆகியவற்றைப் பெரும்பொழுது, சிறுபொழுது குறித்துப் பதிவு செய்க.

2. ஆற்றின் பகுதிகளையும் மீன்களையும் குறிக்க உங்கள் ஊர் முதியோர் வழங்கும் சொற்களைத் திரட்டி, வகுப்பில் ஒரு சொற்பட்டியல் உருவாக்குக.

3. ‘அழிந்துவரும் மீனினத்தைக் காக்க வேற்றிடத்து மீன்குஞ்சுகளை ஆற்றில் விடுவது தக்க வழியா?’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.